நான் ஒட்டி வைத்த ஊசி முனை

“…அதான்க்கா சொல்றேன், மேல் துண்டு இருக்குது, நடுத்துண்டு இருக்குது, முனையதான் காணோம். முனை இல்லாம நான் எப்படிக்கா வேற ஊசி வாங்கறது?”

நாலு வருஷத்துக்கு முன்பு, ஓர் ஆவணி மாதத்துப் புதன்கிழமை. காலை டீ முடிந்து பதினொரு மணி இருக்கும். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் இருந்த ஒரு சின்ன தையல் கம்பெனியில், என் மேஜைக்கு முன்னால் நின்று ஒரு டைலர் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் ஒடிந்த ஊசியின் இரண்டு துண்டுகள். தளவானூரிலிருந்து வருகிறவள். கம்பெனியில் நாங்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஆகவே இங்கேயும் அவளைத் தளவானூர்க்காரி என்றே சொல்கிறேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முன்பு வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருந்த கிடங்கு. அதில் அறுபது மெஷின். கைக்குழந்தைகளுக்குப் போடும் ஜப்லா தைப்பதுதான் வேலை. தைத்து, பிசிறு வெட்டி, இஸ்திரி போட்டு, பெட்டியில் அடைத்தால் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். பின்வாசலைத் திறந்தால் நல்ல காற்று வரும். ஆனால் கோட்டை மலைக் குரங்குகளும் கூடவே வந்து சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை. உள்ளே எப்போதும் ஒரு அவியல்தான்.

என் வேலை, ஊசி கொடுப்பது. சிரிக்காதீர்கள். குழந்தைத் துணி தைக்கிற இடத்தில் அது பெரிய வேலை. ஒரு டைலருடைய ஊசி ஒடிந்தால், ஒடிந்த துண்டுகள் அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு என்னிடம் வர வேண்டும். நான் அவற்றை நோட்டில் வரிசையாக வைத்து, ஊசி முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, செல்லோ டேப் போட்டு ஒட்டி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு புது ஊசி தருவேன். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினை நிறுத்த வேண்டும். காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் துழாவ வேண்டும். அவள் தைத்த கட்டைப் பிரித்து, ஒவ்வொரு ஜப்லாவையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிகளில் துணியை ஒரு மெஷினுக்குள் விடுவார்களாம். உள்ளே இரும்பு இருந்தால் அது கூவுமாம். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. எங்களுக்கு அந்த நோட்டுதான் மெஷின்.

இன்னொரு சட்டமும் உண்டு. யாரும் கடையிலிருந்து சொந்தமாக ஊசி வாங்கி வந்து போடக்கூடாது. ஊசியை ஒடித்துவிட்டு, தேடுவதற்குப் பயந்து, இடுப்பில் செருகி வந்த ஊசியைக் கமுக்கமாக மாட்டிக்கொள்கிறவர்கள் சில கம்பெனிகளில் உண்டு. எங்களிடத்தில் அப்படிப் பிடிபட்டால் அன்றைக்கே கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சட்டமெல்லாம் இருக்கட்டும், டார்கெட் என்று ஒன்று இருக்கிறதே. அவலூர்பேட்டைக்காரி ஒருத்தி சொல்லுவாள், “டார்கெட்டுன்றது மாமியாருக்கே மாமியாரு. எவ்ளோ செஞ்சாலும் மொகம் சுளிக்கும்.” இப்படி ஆளுக்கொன்று சொல்வதைக் கேட்பதற்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம். பேச்சு என்றால் எனக்கு உயிர். என் மேஜைக்கு ஊசி வாங்க வருகிறவர்கள் ஒரு வார்த்தை சிரித்துவிட்டுப் போக வேண்டும்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. ஒரு நாள் ஒரு பெண் முனையைக் காணோம் என்று அழுதாள். சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். என் டிராயரில், என் கையிலேயே ஒடிந்துபோன ஒரு பழைய ஊசியின் முனை கிடந்தது. எடுத்து ஒட்டிவிட்டு, “கெடச்சிடுச்சு, போ” என்றேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! உதவி செய்த சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குச் சாப்பாடுகூட ருசியாக இருந்தது.

அடுத்த முறையும் செய்தேன். அதற்கடுத்த முறையும். பிறகு டிராயருக்குள் ஒரு காலித் தைல டப்பி வந்து உட்கார்ந்தது. இதை எழுதவே கூசுகிறது. தேய்ந்துபோன ஊசிகளை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, குறட்டால் நானே ஒடித்து, பெரிய முனை, சின்ன முனை, நடுத்தர முனை என்று விதவிதமாக அதில் போட்டு வைத்தேன். நோட்டில் ஒட்டும்போது நீளம் சரியாக வர வேண்டுமில்லையா?

என் நோட்டில் ஒரு பக்கத்தில்கூட ‘முனை கிடைக்கவில்லை’ என்ற வரி கிடையாது. கோடு போட்டு, தேதி போட்டு, அச்சடித்த மாதிரி இருக்கும். வெளியூரிலிருந்து யாராவது சோதனைக்கு வந்தால் மேனேஜர் முதலில் காட்டுவது அதைத்தான். ஆயுத பூஜையில் நல்ல தொழிலாளி என்று கைதட்டி எனக்கு ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். “அக்கா கை பட்டா ஒடஞ்ச ஊசியும் ஒட்டிக்கும்” என்று லைனில் கிண்டல் பேசினார்கள். நானும் கூடவே சிரித்தேன்.

தளவானூர்க்காரி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. பணம் வந்தால் வரும். இவள் சம்பளத்தில்தான் மகள் டிப்ளமோ படித்தாள். வாய்த்துடுக்கு உண்டு. ஒரு நாள் பேச்சுவாக்கில், “என்னைவிடப் பெரியவ மாதிரி இருக்கற, என்னை ஏன் அக்கான்ற?” என்று கேட்டேன். “வயசு எனக்குத்தான் கூட. மேஜ உங்களுதாச்சே, அதான் அக்கா” என்றாள். பக்கத்து மெஷின்காரிகள் சிரித்த சிரிப்பில் எனக்கும் கோபம் வரவில்லை.

அந்தப் புதன்கிழமை அவளிடம், “நீ போம்மா, நான் பாத்துக்கறேன்” என்றேன். அவள் போகவில்லை. மெஷினுக்கு அடியில் முட்டி போட்டுத் தேட ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அவள் தைத்துத் தந்தால்தான் வேலை என்பதால், லைனில் அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணிக்கு லாரி. சூப்பர்வைசர் குதித்தார். அவர் எங்களைவிட வயதில் சின்னவர், தம்பி என்றுதான் கூப்பிடுவோம்.

“தம்பி சும்மா கத்தாத. என் கட்ட மட்டும் எடுத்து ஓரமா வையி. நான் தடவிப் பாத்துக் குடுக்கறேன். மத்தவங்க தைக்கட்டும்” என்றாள் தரையிலிருந்தபடியே.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. என் நோட்டில் முதல் முறையாக ‘கிடைக்கவில்லை’ என்று எழுத வைத்துவிடுவாளோ என்ற எரிச்சல்தான் என்று இப்போது புரிகிறது. “இன்னா, உன் ஒரு ஊசிக்காக அறுபது பேரு உக்காந்துக்கினு இருக்கணுமா? ஊருல இல்லாத டைலரா நீ?” என்று எல்லார் எதிரிலும் கத்தினேன். பிறகு மேஜைக்குத் திரும்பி, டப்பியிலிருந்து ஒரு முனையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “இதோ! என் மேஜ காலாண்டயே கெடக்குது பாரு” என்றேன்.

அவள் ஓடி வந்தாள். நான் ஒட்டியதைக் குனிந்து பார்த்தாள். மேல், நடு, முனை. முழு ஊசி. என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்லவேளக்கா. கழுத்துப் பட்டி தைக்கறப்பதான் ஒடஞ்சுது. அதுல எங்கனா பூந்திருந்தா கொழந்த கழுத்துலதான் குத்தும். அதான் தேடிக்கினே இருந்தேன்” என்றாள். கையெழுத்துப் போட்டாள். மத்தியானம் சாப்பாட்டின்போது தன் டப்பாவிலிருந்து காராமணிக் குழம்பு இரண்டு கரண்டி என் சோற்றில் ஊற்றினாள். நான் அதைச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னேன்.

இரண்டரை மணிக்குப் பிசிறு வெட்டுகிற பக்கத்திலிருந்து ஒரு கூச்சல். “ஐயோ! எவடி அவ, ஜப்லாவுல முள்ளு வச்சுத் தச்சது?” ஒரு பெண் விரலை உதறிக்கொண்டு நின்றாள். வெள்ளை ஜப்லாவின் கழுத்தில் பொட்டு மாதிரி ரத்தம். பட்டியைப் பிரித்தார்கள். உள்ளே ஓர் ஊசி முனை.

அந்த ஜப்லா இருந்த கட்டின் மேல், தைத்தவள் பேர் எழுதிய சீட்டைப் பார்த்தார் சூப்பர்வைசர். தளவானூர்க்காரியின் கட்டு.

மேனேஜர் அறைக்கு அவளையும் என்னையும் கூப்பிட்டார்கள். என் நோட்டை மேஜையில் விரித்து வைத்திருந்தார் மேனேஜர். கெட்ட மனுஷர் இல்லை அவர். கணக்குப் போட்டு நியாயம் பேசுகிறவர். காலையில் இவளுடைய ஊசி ஒடிந்தது, அதன் முனை கிடைத்துவிட்டது, இதோ ஒட்டியிருக்கிறது, இவளே கையெழுத்தும் போட்டிருக்கிறாள். “ஒரு ஊசிக்கு ரெண்டு முனை இருக்காது இல்லையாம்மா? அப்ப இது வேற ஊசி. நீ வெளியிலேருந்து கொண்டு வந்து போட்ட ஊசி. அது ஒடஞ்சதச் சொல்லாம மறச்சிட்ட. அப்படித்தானே?”

அவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூன்று நாலு நொடிதான் இருந்திருக்கும். அந்த நொடிகளிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“எனக்குத் தெரியாது சார். அக்காவக் கேளுங்க” என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “நோட்டுல இருக்கறதுதான் சார்” என்றேன்.

ஐந்து வார்த்தைகூட இல்லை. இத்தனை வருஷம் வாய் ஓயாமல் பேசிய நான், என் வாழ்க்கையில் பேசிய பேச்சிலேயே அசிங்கமான பேச்சு அதுதான். பயத்தில் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அது முழு உண்மை இல்லை. எனக்கு அந்த நோட்டு பிடித்திருந்தது. அந்த மேஜை பிடித்திருந்தது. அக்கா, அக்கா என்று அறுபது பேர் வந்து நிற்பது பிடித்திருந்தது. ஒருத்தியின் சோற்றைப் பறித்தாவது அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று என் மனசு அந்த நேரத்தில் நினைத்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

“நாளையிலேருந்து வர வேணாம்மா. இதுவரைக்கும் உள்ள சம்பளத்த வந்து வாங்கிக்க” என்றார் மேனேஜர். அவள் வெளியே போனாள்.

நான் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். பையை எடுத்துக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. கேட் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவள் பிசிறு வெட்டுகிற பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் தைத்த தன் கட்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஜப்லாவாகத் தடவிக்கொண்டிருந்தாள். கழுத்துப் பட்டி, கை மடிப்பு, அடி மடிப்பு. முடித்ததை வலது பக்கம் வைத்துவிட்டு அடுத்தது.

சூப்பர்வைசர் போய், “உன்னைத்தான் போகச் சொல்லியாச்சே, இன்னும் இன்னா பண்ற?” என்றார்.

“போறேன் தம்பி. என் பஸ்ஸு நாலேகாலுக்குத்தான். அதுவரைக்கும் ரோட்டுல நின்னு மலைய வேடிக்க பாக்கச் சொல்றியா?” கை மட்டும் நிற்கவில்லை. “அந்தப் புள்ள வெரல்ல குத்துன முனைய நல்லாப் பாத்தியா? அதுல காது இல்ல. மெஷின் ஊசிக்குக் காது முனையிலதான இருக்கும்? அப்ப காதோட ஒரு துண்டு இன்னும் இதுலதான் எங்கயோ கெடக்குது. பொட்டியில போட்டு அனுப்பிட்டா அப்புறம் யாரு தேடறது?”

சூப்பர்வைசர் அவளைத் தடுக்காமல் நகர்ந்து போனார்.

வேலையை விட்டு நீக்கியாகிவிட்டது. கூலி கிடையாது. பார்த்துப் பாராட்ட யாரும் இல்லை. பழி சுமந்தபடி உட்கார்ந்து, எந்த ஊர்க் குழந்தையோ போடப்போகிற துணியைத் தடவிக்கொண்டிருக்கிறாள். நான் சம்பளமும் ஹாட் பாக்ஸும் வாங்கிக்கொண்டு, இரண்டு வருஷமாக அந்தக் குழந்தைகளின் கழுத்தைப் பற்றி ஒரு நாள்கூட நினைக்கவில்லை. டப்பியில் முனைகளைப் போடும்போது நீளத்தைப் பார்த்தேனே தவிர, காணாமல் போன முனை எங்கே போயிருக்கும் என்று யோசித்ததில்லை. அது எங்கேயாவது போய்த்தானே இருக்கும்?

டப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மேனேஜர் அறை வரைக்கும் இருபது அடிதான். அவர் மேஜையில் விரித்தபடியே இருந்த நோட்டுக்குப் பக்கத்தில் டப்பியை வைத்தேன்.

“என்னம்மா இது?”

“முனைங்க சார்.”

“எந்த முனை?”

“காணாம போறப்ப நான் எடுத்து ஒட்டறது.”

அவர் டப்பியைத் திறந்து உள்ளே பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடியும் டப்பியைப் பார்த்தார். “எத்தனை நாளா?” என்று கேட்டார். “ரெண்டு வருஷமா” என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருந்த லாரியை ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, “லாரிய அனுப்பிடு. பெட்டியெல்லாம் பிரிக்கச் சொல்லு. அந்தம்மாவப் போகச் சொன்னேன்ல, அவங்க போக வேணாம்னு சொல்லு” என்றார்.

அன்றைக்கு அறுபது பேரும் மெஷினை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து, விளக்கு போடுகிற நேரம் வரை ஒவ்வொரு ஜப்லாவையும் தடவினார்கள். காது உள்ள துண்டு ஐந்தரை மணிக்கு ஒரு அடி மடிப்பில் கிடைத்தது. என் கையில் அல்ல. முன்னால் போன பெட்டிகளைப் பற்றியும் துணி வாங்குகிற கம்பெனிக்கு மேனேஜர் எழுதினார். அவர்கள் அடுத்த ஆர்டரை வேறிடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் பாதிப் பேருக்கு வேலை இல்லை. “வாய மூடிக்கினு இருந்திருந்தா நம்ம பொழப்பு ஓடியிருக்கும்” என்று என் காதுபடவே சொன்னார்கள். அவர்களிடம் பேச எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? மன்னிப்புக் கேட்டால் அது வாய்ப்பேச்சாகத்தான் இருக்கும் என்று பேசாமல் இருந்தேன்.

பதினைந்து நாள் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு பிசிறு வெட்டும் பக்கம் போட்டார்கள். இன்றைக்கும் அதுதான் என் வேலை. முன்னால் போன லாரிகளை யார் திருப்பிக் கொண்டுவர முடியும்? ரோட்டில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு யாராவது போனால், என் கண் முதலில் அந்தக் குழந்தையின் கழுத்துப் பக்கம்தான் போகிறது.

வேலை நிற்காமல் பார்த்துக்கொள்கிறவள்தான் நல்ல தொழிலாளி என்று நான் நினைத்திருந்தேன். நிற்க வேண்டிய இடத்தில் வேலையை நிறுத்துவதற்கும், ‘கிடைக்கவில்லை’ என்று கோணல் எழுத்தில் ஒரு வரி எழுதுவதற்கும்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பது, ஒருத்தியை நடுரோட்டில் நிறுத்தப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து, நேராகத் தளவானூர்க்காரியின் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே, “சொல்லிட்டேன்” என்றேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. “எல்லாத்தையுமா?” என்றாள்.

“எல்லாத்தையும்.”

கையிலிருந்த ஜப்லாவின் கழுத்துப் பட்டியைக் கடைசி வரை தடவி முடித்து, வலது பக்கம் வைத்தாள். பிறகு தன் மடியில் குவிந்திருந்ததில் பாதியை எண்ணிக்கூடப் பார்க்காமல் இரண்டு கையாலும் அள்ளி என் மடியில் போட்டாள்.